கட்டிலுக்கு அடியில ஒரு பெடல் இருந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நடுப்பக்கம் ரெண்டையும் சேர்த்து கலர் கலரா ஸ்பெயின் தீவுல சொகுசு விடுமுறைன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நீச்சல் குளம், குளத்துக்குப் பக்கத்துல வெள்ளை குடை, குடைக்குக் கீழ தொப்பி போட்ட ஒரு பொண்ணு, பொண்ணு கையில ஒரு கிளாஸ். படிச்சு முடிச்சதும் எனக்கு ஒரே எரிச்சல். பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க, நான் அந்த தீவுக்கு போய்ட்டு வந்தவ, 2023 அக்டோபர்ல அஞ்சு ராத்திரி தங்கியிருக்கேன். அதை விட முக்கியமா, கொடைக்கானல்ல ஒரு ஹோட்டல்ல 31 வருஷம் ஹவுஸ்கீப்பிங்ல வேலை பாத்து சூப்பர்வைசரா ரிட்டயர் ஆனவ. சொகுசு ரூம்னா என்னன்னு உங்க நிருபருக்கு தெரிஞ்சதை விட எனக்கு கொஞ்சம் கூடவே தெரியும்னு தைரியமா சொல்லிக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

முதல்ல பேரு. மல்லோர்கான்னு பத்து இடத்துல எழுதியிருக்கீங்க, அங்க பஸ்ல கடையில எல்லாம் மயோர்கான்னு தான் சொல்றாங்க. சின்ன விஷயம் தான், ஆனா நம்ம ஊர் பேரை வேற யாராவது தப்பா சொன்னா நமக்கு எவ்வளவு கோவம் வருது.

நாங்க எப்படி அங்க போனோம்னா, என் பையன் ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல இருக்கான், அவனையும் மருமகளையும் பாக்க நானும் எங்க வீட்டுக்காரரும் போயிருந்தோம், அங்க இருந்து ரெண்டு மணி நேரம் பிளைட்டு தான், டவுன் பஸ் புடிக்கிற மாதிரி கிளம்பிடறாங்க. ஜெர்மனில மொத்தம் 16 மாநிலம், மயோர்கா தான் 17வதுன்னு அவங்களுக்குள்ள ஒரு கிண்டல் உண்டாம். தீவோட தலைநகர் பால்மா, அந்த ஏர்போர்ட்ல இறங்கினப்போ அது கிண்டல் மட்டும் இல்லன்னு புரிஞ்சுது, போர்டு ஜெர்மன்ல, டாக்ஸிக்காரர் ஜெர்மன்ல, காபி கடை பொண்ணு ஜெர்மன்ல. நம்ம ஊர்ல இருந்து நேர் பிளைட் எதுவும் கிடையாது, மாட்ரிட் பார்சிலோனா பிராங்க்பர்ட்னு எங்கயாவது மாறித்தான் போகணும், ஐரோப்பால பல நாட்டுக்கும் சேத்து குடுக்கிற ஷெங்கன் விசா வேணும், அதுக்கு இப்போ ஆளுக்கு 90 யூரோ. இதுல ஒரு வரி கூட உங்க கட்டுரைல இல்ல. படிக்கிறவன் எல்லாம் சொந்தமா பிளேன் வச்சிருக்கான்னு நெனச்சீங்களோ என்னமோ.

சரி விஷயத்துக்கு வரேன். மருமக தான் ரூம் போட்டா. மூணு ராத்திரி மலை பக்கம் சோய்யெர்ங்கிற ஊர்கிட்ட ஒரு பழைய பண்ணை வீட்டு ஹோட்டல்ல, கடைசி ரெண்டு ராத்திரி பால்மா சிட்டில ஒரு பைவ் ஸ்டார்ல. அத்தை வாழ்க்கை பூரா அடுத்தவங்களுக்கு கட்டில் போட்டீங்க, ரெண்டு நாளாவது உங்களுக்கு வேற யாராவது போடட்டும்னு சொன்னா. பேர் எல்லாம் எழுதல, விளம்பரம் மாதிரி ஆயிடும்.

அந்த பண்ணை வீட்டுல நுழைஞ்ச உடனே எனக்கு தோணினது, இதுவா பெரிய ஹோட்டல்னு தான். பளபளன்னு எதுவுமே இல்ல. சுண்ணாம்பு அடிச்ச சுவர், ஒரு முழத்துக்கு மேல கனம் இருக்கும், தரையில பழைய ஓடு, பச்சை கலர் மரக்கதவு வச்ச ஜன்னல், அந்த ஜன்னல் கதவை மத்தியானம் சாத்தி வச்சிட்டா ரூம் கம்முனு குளுகுளுன்னு இருக்கு, ஏசி போடவே தோணல. கார்பெட் கிடையாது, துண்டுல அன்னப்பறவை செஞ்சு வைக்கிறது கிடையாது, தலகாணி எட்டு அடுக்குறது கிடையாது. நல்ல கனமான லினன், சுருக்கம் இல்லாம. ஒரு ஹவுஸ்கீப்பிங்காரி கண்ணுக்கு தெரியும், இந்த மாதிரி அலங்காரம் எதுவும் இல்லாத ரூமை சுத்தமா வச்சிருக்கிறது தான் ரொம்ப கஷ்டம், அழுக்கை மறைக்க பூப்போட்ட விரிப்பு எதுவும் இல்லையே.

அந்த தீவுல பெரிய பெரிய நிலக்காரங்களோட பண்ணை வீட்டுக்கு பொசெசியோன்னு பேரு. ஆலிவ் ஆட்டுற செக்கு, தானிய களம், வேலைக்காரங்க தங்குற கொட்டகைன்னு எல்லாம் ஒரே வளாகத்துல. அதுல பல வீடு இப்போ ஹோட்டல். பேர் பாத்தீங்கன்னா சோன் அது, சோன் இதுன்னு ஆரம்பிக்கும், உங்க கட்டுரைல கூட ரெண்டு சோன் இருந்துச்சு. அது இங்கிலீஷ்ல மகன்னு வருமே அந்த வார்த்தை இல்லீங்க, இன்னாரோட இடம்னு அவங்க பாஷைல அர்த்தமாம். பினின்னு ஆரம்பிக்கிற ஊரும் நெறைய, அது அரபில இருந்து வந்தது, இன்னார் பிள்ளைங்கன்னு அர்த்தம், 902ல இருந்து 1229 வரைக்கும் முஸ்லிம் அரசர்ங்க ஆண்ட தீவு அது. வேடிக்கை பாருங்க, பினிக்குத்தான் பிள்ளைன்னு அர்த்தம், சோனுக்கு இல்ல.

அந்த வீட்டுல குளிக்கிற குளம்னு காட்டினது பழைய தண்ணித் தொட்டி. சபரெச்னு சொல்றாங்க, மலைத்தண்ணிய வாய்க்கால்ல கொண்டாந்து தேக்கி ஆரஞ்சு தோட்டத்துக்கு பாய்ச்சின தொட்டி, இப்போ அதுல ஜெர்மன்காரங்க மிதக்குறாங்க. தொட்டி ஓரத்துல உக்காந்து காலை தொங்கப்போட்டுக்கிட்டு எங்க வீட்டுக்காரர் சொன்னார், நம்ம ஊர்ல பம்புசெட்டுல குளிச்சா பட்டிக்காட்டான், இங்க குளிச்சா விஐபின்னு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ஜன்னல் திரை, மெத்தை மேல குறுக்கா போடற துணி ரெண்டும் நீலமும் வெள்ளையுமா ஓரம் கலங்கின மாதிரி டிசைன். பாத்த உடனே எனக்கு தூக்கிவாரிப் போட்டுது, இது இக்கத் ஆச்சே, நம்ம போச்சம்பள்ளி புடவைல வர்ற அதே வேலை. நூலை கட்டி சாயம் போட்டு அப்புறம் நெய்யிறது. கேட்டா ஆமா, இது ஆசியால இருந்து வியாபாரத்துல வந்த வேலை, ஆனா இப்போ எங்க துணி, நாக்குத் துணின்னு பேருன்னு சொன்னாங்க. தீ நாக்கு மாதிரி இருக்கிறதால அந்த பேராம். சாந்தா மரியா, பொயென்சா மாதிரி ஊர்கள்ல இன்னும் தறி ஓடுது. இதெல்லாம் தான் சார் அங்க ஸ்டைல். உங்க கட்டுரைல ஸ்டைலுங்கிற வார்த்தை ஏழு தடவை வருது, ஒரு துணி பேர் கூட வரல.

மூணு நாளும் நாங்க கார் எடுக்கல, 203ம் நம்பர் பஸ் தான், பால்மா, வால்தெமோசா, தெயா, சோய்யெர்னு மலையோரமா போற பஸ். ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் மலை, அந்த மலைக்கு செர்ரா தே த்ரமுந்தானான்னு பேரு, 2011ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. எதுக்காக சேத்தாங்கன்னு நெனைக்கிறீங்க, மலை அழகா இருக்குன்னு மட்டும் இல்ல, மலைய படி படியா வெட்டி சிமெண்ட் சுண்ணாம்பு எதுவும் இல்லாம வெறும் கல்லை கல் மேல பொருத்தி அடுக்கி ஆலிவும் ஆரஞ்சும் வச்சானே மனுஷன், அந்த வேலைக்காக. அந்த கல்லு அடுக்குற கொத்தனாருக்கு மர்ஜேர்னு தனி பேரு. பூம்பாறைக்கு போற வழில பூண்டு போட்ட படி வயல் பாத்து வளந்த எனக்கு அந்த சுவர் பாத்து கண்ணு கலங்கிடுச்சு, பஸ்ல பக்கத்துல இருந்த அம்மா டிஷ்யூ கூட குடுத்தாங்க. இந்த கல் அடுக்கற வித்தைய 2018ல ஸ்பெயின் உட்பட எட்டு நாட்டு சொத்துன்னு யுனெஸ்கோ தனியா வேற அறிவிச்சிருக்கு. சரி அந்த ஹோட்டல் பால்கனில உக்காந்து காசு குடுத்து பாக்குற வியூ இருக்கே, அதுல பாதி இந்த கொத்தனார்ங்க கட்டினது தானே.

தெயால சர்ச் பக்கத்துல சின்ன கல்லறைத் தோட்டம். ராபர்ட் கிரேவ்ஸ்னு இங்கிலீஷ் கவிஞர், 1929ல வந்து, நடுவுல ஸ்பெயின் உள்நாட்டு சண்டைல பத்து வருஷம் வெளிய போய், திரும்பி வந்து 1985ல சாகற வரைக்கும் அங்கயே இருந்தவர். மேல சிமெண்ட் பூசின ஒரு சாதா கல்லு, ஈரத்துல குச்சியால எழுதின மாதிரி பேரு, கீழ கவிஞர்னு ஒரு வார்த்தை. அந்த ஊர்ல தான் இப்போ ஒரு ராத்திரிக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல வாங்குற ஹோட்டல் எல்லாம் இருக்கு.

வால்தெமோசால சோப்பான்னு பியானோக்காரர், 1838 குளிர்காலத்துல உடம்பு சரியில்லாம ஜார்ஜ் சாண்ட்ங்கிற எழுத்தாளர் அம்மாவோட வந்து மடத்துல தங்கினார். அந்த மடத்துக்கு இப்போ டிக்கெட் வச்சிருக்காங்க. பாரிஸ்ல இருந்து அவர் வரவழைச்ச பியானோ கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சாம், கையில கிடைச்சப்போ ஊருக்கு கிளம்புற நேரம் நெருங்கிடுச்சாம். கஸ்டம்ஸ் எல்லா காலத்துலயும் கஸ்டம்ஸ் தான் போல.

சாப்பாடு விஷயத்துல நீங்க வாசகருக்கு ஒரு பெரிய துரோகம் பண்ணியிருக்கீங்க. என்சைமாதாங்கிற இனிப்பு ரொட்டிய அவசியம் சாப்பிடுங்க, பஞ்சு மாதிரி இருக்கும்னு எழுதியிருக்கீங்க. பஞ்சு மாதிரி தான் இருக்கு, நத்தை மாதிரி சுருட்டி மேல பவுடர் சர்க்கரை தூவி, ஏர்போர்ட்ல பாத்தா ஆளாளுக்கு பெரிய அட்டை டப்பால கட்டி தூக்கிட்டுப் போறாங்க. எங்க வீட்டுக்காரர் சுத்த சைவம். முதல் நாள் காலைல ஒண்ணு, ரெண்டாம் நாள் ஒண்ணரை. மூணாம் நாள் மருமக போன்ல எதையோ படிச்சிட்டு மெதுவா சொன்னா, மாமா இதுல சைம்னு வருதில்ல, அது பன்னிக் கொழுப்பு, அதை தடவித்தான் சுருட்டுவாங்க, பேரே அதுல இருந்து வந்ததுதான்னு. அவர் கொஞ்ச நேரம் மலையவே பாத்துக்கிட்டு இருந்தார். அப்புறம் அப்போ நேத்து அந்த ஒண்ணரையும் அதானான்னு கேட்டார். நாங்க யாரும் பதில் சொல்லல. அதுக்கப்புறம் தும்பெத்துன்னு ஒண்ணு இருக்கு, கத்திரிக்கா உருளைக்கிழங்கு குடமிளகா எல்லாம் ஆலிவ் எண்ணெய்ல வறுத்து அடுக்கி தக்காளி சாறு ஊத்தறது, அதையும், ரொட்டில தக்காளி தேச்சு எண்ணெய் விட்டு தர்றதையும் வச்சே ஓட்டிட்டார். சைவக்காரங்களுக்கு இதை எழுதுங்க சார், புண்ணியமா போகும். ராத்திரி சாப்பாடு ஒன்பது மணிக்கு தான் ஆரம்பிக்குறாங்கங்கறதையும் எழுதுங்க, சுகர் மாத்திரை போடறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

இப்போ நான் எழுத வந்த விஷயம்.

நாலாம் நாள் பால்மா. ஊருக்குள்ள பழைய மாளிகை ஒண்ணு, நடுவுல முற்றம், தேன் கலர் கல்லு, கொஞ்ச தூரத்துல அந்த பெரிய கதீட்ரல். அதுல கவுதின்னு பார்சிலோனா கட்டிடக்காரர் 1904ல இருந்து பத்து வருஷம் மாத்தி அமைச்சதா சொல்றாங்க, உள்ள விளக்கு எல்லாம் கிரீடம் மாதிரி தொங்குது, போறவங்க பாருங்க. அடுத்த நாள் காலைல எழுந்ததும் பழக்கதோஷம், குளிச்சிட்டு வந்து நானே கட்டிலை போட ஆரம்பிச்சிட்டேன். மெத்தைய தூக்கி ஷீட்டை உள்ள சொருகறப்போ கால்ல என்னமோ இடிச்சுது. குனிஞ்சு பாத்தா கட்டிலுக்கு அடியில இரும்புல ஒரு பெடல். எதோ உடைஞ்சு தொங்குதுன்னு பயந்துட்டேன், நாம உடைச்சோம்னு பில்லு போட்டுட போறாங்கன்னு. அந்த நேரம் பாத்து ரூம் கிளீன் பண்ற அம்மா டிராலி தள்ளிக்கிட்டு வந்தாங்க, என் வயசுக்கு பத்து வயசு கம்மி இருக்கும். அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. நான் மடிச்ச மூலைய பாத்தாங்க, என்னை பாத்தாங்க, கட்டிலை காட்டி என்னை காட்டி விரலை ஆட்டினாங்க, நீயும் இந்த வேலையான்னு. நான் தலைய ஆட்டிட்டு இடுப்புல கைய வச்சு காட்டினேன். அவ்வளவு தான், சிரிச்சாங்க பாருங்க, அந்த மாதிரி யாரும் என்னை பாத்து அந்த ஊர்ல சிரிக்கல. அப்புறம் பெடலை மிதிச்சாங்க, கட்டில் அப்படியே மேல வந்துச்சு, இடுப்பு உயரத்துக்கு. குனியவே வேண்டாம்.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. 31 வருஷம். ஒரு ஷிப்டுக்கு 14 ரூம், சீசன்ல 16, 18 கூட, ரூமுக்கு ரெண்டு கட்டில் வச்சா எத்தனை தடவை குனிஞ்சு எத்தனை மெத்தைய தூக்கியிருப்பேன். செக்அவுட் ரூம்னா இன்னும் மோசம், எல்லாத்தையும் உருவி புதுசா போடணும். முதுகெலும்புல எல்4 எல்5 டிஸ்க் தேஞ்சு போச்சுன்னு எனக்கு 44 வயசுலயே டாக்டர் சொல்லிட்டார், என் கூட வேலை பாத்த நாலு பேருக்கு அதே கதை. இது விதின்னு தான் நாங்க எல்லாரும் நெனச்சோம். அங்க பாத்தா இது ஒரு பெடல்ல தீர்ற விஷயம்.

பையனை விட்டு தேட சொன்னேன். அது அந்த ஹோட்டல் முதலாளி நல்ல மனசுல செஞ்சது இல்ல, 2022ல மயோர்காவும் பக்கத்து தீவுங்களும் சேந்த பலேரிக் தீவுக் கூட்டத்தோட அரசாங்கம் சட்டமே போட்டிருக்கு, ஹோட்டல் எல்லாம் படிப்படியா தூக்கி இறக்குற கட்டிலுக்கு மாறணும்னு. அந்த சட்டமும் சும்மா வரல, அங்க ரூம் கிளீன் பண்ற பொம்பளைங்க கெல்லிஸ்னு பேர் வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா சத்தம் போட்டிருக்காங்க. லாஸ் கே லிம்பியான்னா துடைக்கிறவங்கன்னு அர்த்தம், அதை சுருக்கினா கெல்லிஸ். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டேன், அங்க பாதி வருஷம் தான் சீசன், மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும், ஆனா ஆளுங்களை தினக்கூலி மாதிரி விரட்டி விட முடியாது, நிரந்தரம் ஆனா விட்டு விட்டு வேலைன்னு ஒரு முறை வச்சிருக்காங்க, அடுத்த சீசனுக்கு அதே ஆளை தான் கூப்பிடணும். எல்லாம் தேனும் பாலும்னு சொல்ல வரல, சம்பளம் வீட்டு வாடகைக்கே பத்தலன்னு அவங்க புலம்பலும் அதிகம் தான்.

வாடகைன்னதும் ஞாபகம் வருது. 2024ல அந்த தீவுக் கூட்டத்துக்கு வந்த டூரிஸ்ட் மட்டும் 1 கோடியே 87 லட்சம் பேர், அதுல பெரும்பங்கு மயோர்காவுக்கு. அங்க வாழறவங்க நாலு தீவும் சேத்து 12 லட்சம். விக்கிற வீடு பத்துல மூணு வெளிநாட்டுக்காரங்க கைக்கு போகுது. டீச்சரா போஸ்டிங் வாங்கினவங்களுக்கே தங்க இடம் கிடைக்கலன்னா கட்டில் போடறவங்க எங்க போவாங்க, சில பேர் வேன்ல படுத்துக்குறாங்க. 2024 மே மாசமும் ஜூலையும் பால்மா ரோட்டுல ஆயிரக்கணக்குல ஜனங்க இறங்கி மயோர்கா விற்பனைக்கு இல்லன்னு அட்டை புடிச்சாங்க. அரசாங்கமும் அப்பப்போ எதாவது பண்ணுது, பால்மால அடுக்குமாடி வீட்டை டூரிஸ்டுக்கு விடக்கூடாதுன்னு 2018ல தடை, 2022ல இருந்து டூரிஸ்ட் கப்பல் ஒரு நாளைக்கு மூணு தான், ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு வரி. நாங்க பைவ் ஸ்டார்ல ஆளுக்கு 4 யூரோவும் அதுக்கு மேல ஒரு வரியும், பண்ணை வீட்டுல அதுல பாதியும் கட்டினோம். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் போனா அந்த வரில கால்வாசி தான். நீங்க ஜூலை ஆகஸ்ட்ல போக சொல்லி எழுதியிருக்கீங்க, வெயிலும் கூட்டமும் ரேட்டும் உச்சத்துல இருக்கிற மாசம், அதுல போய் ஒண்டிக்கிட்டு நின்னா அது என்ன சொகுசு. பிப்ரவரில பாதாம் பூக்குமாம், அது இன்னும் நல்லா இருக்கும்னு அந்த பண்ணை வீட்டு அம்மா சொன்னாங்க, ஆனா ஒரு நோய் வந்து 2016ல இருந்து பாதாம் மரம் நெறைய காஞ்சு போச்சுன்னும் சொன்னாங்க.

போகாதீங்கன்னு நான் சொல்லல சார். நானே மருமக காசுல போய் கால தொங்கப்போட்டு உக்காந்துட்டு வந்தவ தானே, எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு சொல்லுவேன். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. உங்க இணைப்புல மாசத்துக்கு ரெண்டு தடவை ஊட்டி ரிசார்ட், கொடைக்கானல் ரிசார்ட், மூணாறு ரிசார்ட்னு சொகுசு கட்டுரை வருது, மெத்தை எவ்வளவு இஞ்ச் கனம்னு கூட எழுதறீங்க. அடுத்த தடவை உங்க நிருபர் போறப்போ ரூம்ல நுழைஞ்சதும் கொஞ்சம் குனிஞ்சு கட்டிலுக்கு அடியில பாக்க சொல்லுங்க. பெடல் இல்லன்னா மேனேஜர்கிட்ட ஏன் இல்லன்னு கேக்க சொல்லுங்க, அவர் என்ன சொன்னாரோ அதை ரெண்டு வரி போடுங்க. அந்த கட்டில் விலை எவ்வளவுன்னு பையன்கிட்ட விசாரிக்க சொல்லியிருக்கேன், தெரிஞ்சதும் அதையும் எழுதி அனுப்பறேன்.

அப்புறம் அந்த கட்டுரைல மூணாவதா போட்டிருக்கிற போட்டோ, கோட்டை மதில் சுத்தின வெள்ளை வீடுங்க குன்று மேல, அது மயோர்காவே இல்ல. பையன் பாத்த உடனே சொல்லிட்டான், அது பக்கத்து தீவு இபிசா, தால்த் விலாங்கிற பழைய ஊர். வர்ற ஞாயித்துக்கிழமை திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்,
திண்டுக்கல்